திருத்தணியில் வாங்கிய ஐந்து பானைகள்

ஒரு பானைச் சில்லால் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. சிரிக்காதீர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு உருப்படியாக ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். யோசித்து யோசித்துப் பார்த்தேன், உருப்படியாக நினைவுக்கு வந்தது இது ஒன்றுதான்.

காலையில் உங்கள் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிக் காட்டினீர்கள். உண்மையைச் சொல்கிறேன், வயிற்றெரிச்சலாக இருந்தது. சில்லை உள்ளே வைக்கிறீர்கள், அதில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று எந்திரமே அச்சடித்துத் துப்புகிறது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மைக்ராஸ்கோப். அதன் திருகு தேய்ந்துபோய், ஒரு பக்கம் காகிதத்தை மடித்துச் சொருகினால்தான் ஆடாமல் நிற்கும். ஆனால் அது ஒருநாளும் தப்பாகக் காட்டியதில்லை. தப்பு செய்தது அதன் மேல் கண்ணை வைத்துக்கொண்டிருந்த மகாபுத்திசாலி, அதாவது நான்.

யுத்த காலம் அது. ஜப்பான்காரன் சென்னை மேல் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. ஆபீசுகளும் ஓடின. எங்கள் ஆய்வுக்கூடத்தையும் நாலு மரப்பெட்டிக்குள் அடைத்துத் திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு சத்திரத்துக்கு அனுப்பினார்கள். அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லா. கடைத்தெருவில் பாதிப் பேரம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். எங்களுக்கு அந்த ஊர் வாய்த்ததற்கு ஒரு காரணமும் உண்டு. அதைச் சுற்றியுள்ள மேட்டு நிலங்களில் கற்களை வட்டமாக நட்டு வைத்த பழைய ஈமக்குழிகள் இருந்தன. போன வருஷம் அவற்றைத் தோண்டியவர்கள் எடுத்த சில்லுகள் கூடைகூடையாக எங்கள் பெட்டிகளில் கிடந்தன.

ஆபீஸ் என்று சொல்லிக்கொள்ள நாங்கள் இரண்டே பேர், என் அதிகாரியும் நானும். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மேலுலகத்திலிருந்து இறங்கி வந்து என் வாக்கியத்தில் பிழை திருத்துவார். அப்படிப்பட்ட மனிதர். கமா போட வேண்டிய இடத்தில் போடாவிட்டால் பேனாவைப் பிடுங்கிவிடுவார். கோபம் வந்தால் காது சிவக்கும். காதைப் பார்த்துத்தான் நான் பேச்சைத் தொடங்குவேன்.

எங்கள் வேலை சுலபமாகச் சொன்னால் இதுதான். பானைச் சில்லிலிருந்து ஒரு துண்டை வெட்டி, சின்னக் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்கிப் பார்த்தால், களிமண்ணுக்குள் கலந்திருக்கிற மணல் தெரியும். அந்த மணல் எந்தப் பாறையிலிருந்து உதிர்ந்தது என்று கண்டுபிடித்தால், பானையின் மண் எந்த ஊர்ப்பக்கம் என்று சொல்லிவிடலாம். மண் தெரிந்தால் பானை எங்கே செய்யப்பட்டது, எங்கிருந்து எங்கே போனது, யாருக்கும் யாருக்கும் போக்குவரத்து இருந்தது என்றெல்லாம் ஊகிக்கலாம். இரும்பு உருக்கத் தெரிந்து எழுதத் தெரியாத ஜனங்கள் அவர்கள். நமக்கு அவர்கள் விட்டுப்போன கடுதாசி இந்தச் சில்லுதான்.

குழிகளில் கிடைத்தவை இரண்டு ரகம். ஒன்று, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக மெல்லிய, வழவழப்பான கிண்ணங்கள், வட்டில்கள். இன்னொன்று, எலும்புகளை இட்டுப் புதைக்கிற ஈமத்தொட்டி. கட்டிலுக்குக் கால் வைத்ததுபோல வரிசையாகக் கால் வைத்த பெரிய மண்தொட்டி. இரண்டு ஆள் சேர்ந்தால்கூட அசைக்க முடியாது. மைக்ராஸ்கோப்பில் இரண்டும் வேறு வேறாக இருந்தன. கிண்ணங்களில் கரும்பச்சையாக ஒரு மணல் மினுங்கியது. தொட்டிகளில் அது அறவே இல்லை. ஆக, இரண்டும் இரண்டு ஊர் மண். எது உள்ளூர், எது வெளியூர் என்பதுதான் கேள்வி.

இதற்கு உள்ளூர் மண் வேண்டும். "நாலைந்து ஏரியில் இறங்கி மண் எடுத்து வா" என்றார் அதிகாரி. சித்திரை வெயில். எனக்கு இருபத்து நாலு வயது, மூளை கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்யும். நாலு ஏரியில் இறங்கிச் சேற்றைச் சுமப்பானேன்? எந்த மண் பானைக்கு ஏற்றது என்று எனக்குத் தெரியாது, குயவருக்குத் தெரியும். தவிர, கடைப் பானை ஏற்கனவே சுட்டது. பழைய சில்லோடு ஒப்பிட அதுதான் தோது. இப்படி நியாயம் பேசிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், கோயில் பொய்கைக்குப் பக்கத்தில் பானை விற்கிற மங்கம்மாவிடம் விதத்துக்கு ஒன்றாக ஐந்து பானை வாங்கினேன். மங்கம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். வாய் மட்டும் என்னைவிடப் பத்து வயது மூத்தது. நான் ஒவ்வொரு பானையாகத் தட்டிப் பார்க்காமல் எடுத்ததைப் பார்த்துவிட்டு, "சாமி, வூட்டுல பொம்பளை யாரும் இல்லியா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை ஒழுங்காக யோசித்திருந்தாலே நான் தப்பித்திருப்பேன். பானையைத் தட்டிப் பார்க்கத் தெரியாதவன் பானையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா?

ஐந்து பானையையும் உடைத்துத் தேய்த்துப் பார்த்தால், ஐந்திலும் கரும்பச்சை மணல்! கிண்ணங்களில் இருந்த அதே மணல். நான் சத்திரத்துத் தாழ்வாரத்தில் ஒரு குதி குதித்தேன். கிண்ணங்கள் உள்ளூர் என்றாகிவிட்டது. அப்படியானால் அந்த மலை மாதிரித் தொட்டிகள்? வெளியூரிலிருந்து வந்தவை!

இப்போது உங்களுக்குச் சிரிப்பு வருகிறது, எனக்குத் தெரிகிறது. மூன்றாவது வரிசையில் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். ஆனால் அன்றைக்கு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. என் அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அரைமணி நேரம் பேசினார். செத்தவருக்கு மரியாதை செய்வதற்காகத் தூரதேசத்திலிருந்து தொட்டி வரவழைத்தார்களாம். அதற்கென்றே ஒரு கூட்டம் இருந்திருக்குமாம். கட்டுரை இருபது பக்கம் வந்தது. படித்துப் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது. ஒரு தொட்டியைத் தூக்கிப் பார்த்திருந்தால் புல்லரிப்பு அடங்கியிருக்கும்.

இனி என் சொந்தக் கதை. அரக்கோணத்தில் ஒரு ரயில்வே கார்டு இருந்தார். அவருடைய பெண் கமலாவை எனக்குப் பார்த்திருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன், பேச்சே வரவில்லை. கமலாதான் கேட்டாள், "பானை ஓட்டுல இன்னாங்க பாப்பீங்க?" என்று. நான் கரும்பச்சை மணலைப் பற்றி இருபது நிமிஷம் பேசினேன். அவள் ஒரு கொட்டாவிகூட விடவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், கட்டினால் இவளைத்தான். ஆனால் கார்டு கறாரான ஆசாமி. "உங்க வேலை டெம்பரரிங்களா?" என்றார். "ஆமாங்க." "பெர்மனென்ட் ஆவட்டும். ஆர்டர் வந்த மறுநாளே தட்டு மாத்திக்கலாம்." அவர் பேசுவதே அப்படித்தான், வண்டி நேரம் சொல்வதுபோல. அவரும் எத்தனை நாள் காத்திருப்பார்? சித்தூரிலிருந்து இன்னொரு வரன் வேறு வந்துகொண்டிருந்தது.

என் அதிகாரி சென்னையில் மேலிடத்துக் குழுவின் முன் அந்தக் கட்டுரையை வாசிக்கப்போகிறார். அதே கூட்டத்தில் என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லப்போகிறார். "இந்தக் கட்டுரையின் ஆணிவேரே உன் கண்டுபிடிப்புதான், அதைக் காட்டித்தான் கேட்கப்போகிறேன்" என்று சொல்லியிருந்தார். கூட்டம் ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள். கிருத்திகை அன்று மாலை நாலரை மணி ரயிலில் அவர் கிளம்புவதாக ஏற்பாடு.

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணியைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டால் வேலையை விட்டுவிட்டாவது ஒரு தடவை போய்ப் பாருங்கள். மஞ்சள் துணியும் மலர்க்காவடியுமாக ரோடே தெரியாது. ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம், நகரிப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம், கனகம்மாசத்திரம் ரோடு முழுக்க மாட்டுவண்டி. தமிழ் அரோகராவும் தெலுங்கு அரோகராவும் ஒரே அரோகராதான். எங்கள் சத்திரத்துத் தாழ்வாரத்திலும் நூறு பேர் தங்கியிருந்தார்கள். அதிகாரி விடிகாலையிலேயே, "தரிசனம் முடித்து அப்படியே ஸ்டேஷனுக்குப் போய்விடுவேன்" என்று சொல்லிவிட்டு, பெட்டியும் கட்டுரையுமாகக் குடும்பத்தோடு மலையேறிவிட்டார்.

எட்டு மணி வாக்கில் யாரோ கால் இடறி எங்கள் தண்ணீர்ப் பானை உடைந்தது. புதுப்பானை வாங்க மங்கம்மாவிடம் போனேன். அன்றைக்கு அவளுக்கு மூன்று வண்டிச் சரக்கு. பொங்கல் வைக்கிறவர்கள் சுற்றிலும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். எனக்கோ வாய் சும்மா இருக்காது. நாளைக்கு வேலை நிரந்தரம், ஆவணியில் கல்யாணம், மனம் காற்றில் பறக்கிறது.

"மங்கம்மா, ஒரு சேதி தெரியுமா? உங்க திருத்தணி மண்ணுலதான் ஆயிரக்கணக்கான வருஷமா பானை செய்யறாங்க. நான் கண்டுபிடிச்சிருக்கேன்" என்றேன்.

மங்கம்மா கையிலிருந்த பானையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படியாகச் சிரித்தாள்.

"இன்னா சாமி சொல்றீங்க! இந்த ஊரு மண்ணுல பானை செஞ்சா அடுப்புல ஏத்தனதும் பட்டுனு வுட்டுடும். யாரு வாங்குவா?"

"பின்னே இது?"

"இது எங்க ஊரு மண்ணு. ஆர்.கே.பேட்டைக்கு அந்தாண்ட, ஏரிக்கரையில. எங்க நைனா, எங்க பாவா எல்லாரும் அங்கதான் சூளை போடறாங்க. வண்டி கட்டிகினு வந்து இங்க விக்கறோம். வருசம் பூரா வந்துகினுதான் கீறோம், நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பிள்ளைகளே, நான் கேட்கவே இல்லை. ஐந்து பானையை உடைத்துத் தூளாக்கினேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருத்தணியில் வாங்கியது திருத்தணியில் செய்தது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். பண்டம் ஊர்விட்டு ஊர் போவதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவன், கண்ணெதிரே வண்டி கட்டி வந்து இறங்குகிற பண்டத்தைப் பார்க்கவில்லை. இந்தத் தப்பை வேறு எந்தத் தொழில்காரனும் செய்திருக்க மாட்டான். ஒரு சமையற்காரர்கூட, "எந்த ஊர்ப் பானைம்மா?" என்று கேட்டுத்தான் வாங்குவார்.

"அப்போ இந்த ஊரு மண்ணு எதுக்குமே ஆகாதா?" என்றேன்.

"ஏன் ஆவாது? செங்கல் அறுப்பாங்க, ஓடு போடுவாங்க, மாட்டுக்குத் தண்ணி காட்ற தொட்டி செய்வாங்க. அதெல்லாம் கனம். எவன் சாமி தொட்டியப் போயி ஊரு ஊரா இஸ்துகினு திரிவான்? எங்க வேணுமோ அங்கியே செஞ்சிக்கறதுதான்." அப்புறம் மலையடிவாரத்தைக் கைகாட்டினாள். "நீங்க குந்திகினு கீற சத்திரத்த அண்ணாந்து பாத்ததே இல்லியா? அந்தக் கூரை ஓடு இந்த ஊரு ஏரி மண்ணு."

தொட்டி என்று அவள் சொன்னதும் எனக்கு அந்த ஈமத்தொட்டிகள் கண்முன் வந்து நின்றன. கட்டுரை முழுக்கத் தலைகீழ். கிண்ணம் வெளியூர், தொட்டி உள்ளூர். அப்படித்தான் இருக்க வேண்டும். அதிகாரி நாளைக்கு அந்தப் பெரிய மனிதர்களுக்கு முன்னால் தலைகீழாக ஒன்றை வாசிக்கப்போகிறார்.

முதலில் மலையேறி அவரைத் தேடலாமா என்று பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் என் அம்மா என்னைத் தேடினாலே கிடைக்க மாட்டேன், நான் எங்கே அவரைத் தேடுவது? தவிர, பானைக்காரம்மா சொன்னாள் என்று வெறும் வாயால் சொன்னால் அவர் காது சிவப்பதோடு கதை முடிந்துவிடும். சொல்வதென்றால் கையில் அத்தாட்சியோடு சொல்ல வேண்டும். நேரம் எட்டரை. சத்திரத்துக்கு ஓடினேன்.

ஏணி கிடையாது. மைக்ராஸ்கோப் வந்த மரப்பெட்டி மேல் ஏறி, தூணைக் கட்டிப்பிடித்து, கூரை விளிம்பில் கை வைத்து ஓர் ஓட்டை உருவினேன். இரண்டாவது ஓட்டை உருவும்போது கீழே ஒரு குரல்:

"டேய், கூரையப் பிரிக்கிறான்டா!"

ஓர் ஆள் என் காலைப் பிடித்துக்கொண்டார். தோள் அகலமான மனுஷர், நெற்றி நிறைய விபூதி. "சாமி நாளும் அதுவுமா திருட்டு வேலையா?"

"திருடலைங்க, ஆராய்ச்சி!"

"ஓட்டுல இன்னாய்யா ஆராய்ச்சி?"

நான் தூணில் தொங்கிக்கொண்டு பதில் தேடுகிறேன். நல்லவேளை, என் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்து மங்கம்மா பின்னாலேயே வந்திருந்தாள். "வுடுங்கண்ணா, சர்க்காரு ஆளுதான் அவரு. பானைய வாங்கிகினு போயி ஒடைச்சி ஒடைச்சிப் பாப்பாரு. கொஞ்சம் அப்படி. மத்தபடி நல்ல மனுஷன்" என்றாள். அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாவப்பட்டு இன்னும் இரண்டு ஓட்டை அவரே உருவிக் கொடுத்தார்.

நாலு ஓட்டிலும் துண்டு வெட்டித் தேய்த்தேன். அந்த வேலையை உங்களுக்கு விளக்கி அறுக்கப்போவதில்லை. அவசரப்பட்டால் துண்டு கண்ணாடியிலிருந்து பிய்ந்து போய்விடும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு பிய்ந்தன. இரண்டு மிஞ்சின. மூன்றேகால் மணிக்கு மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தேன்.

கரும்பச்சை மணல் ஒரு மணிகூட இல்லை. ஈமத்தொட்டித் துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே மண், அதே மணல், அச்சு அசல். அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் கனமானதை உள்ளூரில் செய்துகொண்டார், சமைக்கவும் சாப்பிடவும் நல்லதாக வேண்டுமென்று தூரத்து மண்ணில் செய்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். மங்கம்மா சொன்ன அதே கணக்கு. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தாழ்வாரத்தில் படுத்திருந்தவர்கள் என்னைப் பற்றி ஏற்கனவே முடிவுக்கு வந்திருந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் சிரிப்பு நின்றது. ஒரு குரல் உள்ளே பேசிற்று. யாருக்குத் தெரியப்போகிறது? அந்தக் குழுவில் இருப்பவர்கள் மங்கம்மாவிடம் பானை வாங்கப் போகிறார்களா? கட்டுரை நாளைக்கு வாசிக்கப்படட்டும். வேலை நிரந்தரமாகட்டும். தாலி கட்டியபின், ஆறு மாதம் கழித்து, "மேலும் ஆராய்ந்ததில்" என்று தொடங்கி இன்னொரு கட்டுரை எழுதினால் போயிற்று. அது கெட்ட யோசனை என்று நினைக்காதீர்கள், ரொம்ப நல்ல யோசனைபோலத்தான் இருந்தது. பத்து நிமிஷம் அதோடு உட்கார்ந்திருந்தேன். கமலா சித்தூருக்கு மருமகளாகப் போவதாகக்கூட நினைத்துப் பார்த்தேன்.

என்னை எழுப்பிவிட்டது பெரிய தர்ம சிந்தனை ஒன்றும் இல்லை. அதிகாரி அந்த இருபது பக்கத்தையும் 'உள்ளூர்ப் பானை' என்ற என் பேச்சை நம்பி எழுதியவர். நாளைக்கு எவனாவது ஒருவன் எழுந்து, "ஐயா, தொட்டியை எப்படித் தூக்கி வந்தார்கள்?" என்று கேட்டால் அவர் அங்கே நிற்பார், நான் இங்கே சத்திரத்தில் பாயில் படுத்திருப்பேன். அது எனக்குச் சகிக்கவில்லை. கண்ணாடித் துண்டுகளைச் சட்டைப் பையிலும் ஓடுகளைக் கக்கத்திலும் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

ஓடினேன் என்பது பேச்சுக்கு. காவடிகளுக்கு நடுவே நீந்தினேன். பிளாட்பாரத்தை எட்டும்போது வண்டி வந்து நின்றுவிட்டது. அதிகாரி குடும்பத்தை ஏற்றிவிட்டு, கட்டுரைப் பையை மார்போடு அணைத்தபடி ஏறப்போகிறார். கடைசிக்கு முந்தின பெட்டி. அதற்கு அடுத்தது கார்டு வண்டி. அதன் வாசலில் வெள்ளைச் சட்டையும் விசிலுமாக, கையில் பச்சைக் கொடியோடு நின்றுகொண்டிருந்தவர் யார் என்கிறீர்கள்? கமலாவின் அப்பா! அந்தத் தடத்தில் அவர் வண்டி வரும் என்று எனக்குத் தெரியும், அன்றைக்கு அந்த வண்டி என்றுதான் தெரியாது. புழுதி படிந்த முகம், கக்கத்தில் கூரை ஓடு, அவிழ்ந்த வேட்டி நுனி. மாப்பிள்ளையை அவர் அப்படித்தான் பார்த்தார்.

எனக்குக் கால் நின்றுவிட்டது. இன்னும் பத்தடி. கார்டு காதில் விழாமல் மெதுவாகச் சொல்லலாம் என்றால், அந்த இரைச்சலில் கத்தினால்தான் அதிகாரிக்கே கேட்கும். கத்தினேன்.

"சார்! கட்டுரை தப்பு சார்! நான் தப்பு பண்ணிட்டேன்!"

அதிகாரி படியில் வைத்த காலை எடுத்தார். கார்டு வாயருகே கொண்டுபோன விசிலை இறக்கினார். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். பானை ஆர்.கே.பேட்டைப் பக்கம், ஓடு இந்த ஊர், தொட்டி இந்த ஊர், கிண்ணம் அந்த ஊர். அதிகாரி கண்ணாடித் துண்டுகளை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். வெறுங்கண்ணுக்கு அதில் என்ன தெரியும்? ஆனாலும் பார்த்தார். இரண்டு காதும் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது.

"ஏரியில் இறங்கி மண் எடு என்று நான் சொல்லவில்லை?"

"சொன்னீங்க சார்."

"இதை வைத்துக்கொண்டு நாளைக்கு உன் வேலையைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேச முடியாது. தெரிகிறதா உனக்கு?"

"தெரியுது சார்."

அவர் பையைத் திறந்து இருபது பக்கத்தையும் வெளியே எடுத்தார். கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். முதல் பக்கத்தைத் திருப்பி, அதன் முதுகில் பேனாவால் ஏதோ எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே ஏறினார். ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அந்தம்மா பெயர் என்ன?" என்றார். "மங்கம்மா சார்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

கார்டு விசில் ஊதிக் கொடியை அசைத்தார். வண்டி நகர்ந்தது. அவர் பெட்டி என்னைக் கடக்கும்போது நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் வேலையைப் பற்றி அதிகாரி சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். பிளாட்பாரத்தில் ஓட்டைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் கழித்து அதிகாரி திரும்பினார். குழுவுக்கு முன் கட்டுரையை வாசிக்கவில்லையாம். "வாசிக்க வந்ததில் பெரிய பிழை இருக்கிறது, நேற்று மாலை தெரிந்தது, சரிபார்த்துக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். என் வேலை அப்படியே டெம்பரரி. அதைச் சொல்லி முடித்துவிட்டு, "கிளம்பு" என்றார். "எங்கே சார்?" "ஆர்.கே.பேட்டை."

மங்கம்மாவின் வண்டி சரக்கு விற்றுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதில் ஏறிக்கொண்டோம். வைக்கோல் மேல் அதிகாரி, கால் நீட்டி நான், முன்னால் மங்கம்மா. வழி முழுக்க அவர் கேட்டுக்கொண்டே வந்தார். எந்த ஊருக்கெல்லாம் பானை போகும், எந்த மாதத்தில் போகும், வழியில் எத்தனை உடையும், உடைந்ததை என்ன செய்வீர்கள்? அவள் சொல்லச் சொல்ல நோட்டுப்புத்தகம் நிரம்பியது. ஒரு கட்டத்தில் மங்கம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்க பெரிய சாருக்கு நல்லாக் கேக்கத் தெரியுது. உங்களுக்குத்தான் ஒடைக்க மட்டும் தெரியுது" என்றாள். என் அதிகாரி சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வண்டியே குலுங்கியது. அந்த ஏரிக்கரையில் இரண்டு பேரும் முழங்கால் சேற்றில் இறங்கி மண் எடுத்தோம். சோதித்தபோது கரும்பச்சை மணல் எங்களைப் பார்த்து மினுங்கியது. அந்தக் கட்டுரைதான் பிற்பாடு வெளிவந்தது. அதன் முதல் பக்கத்தில் மங்கம்மாவுக்கு நன்றி இருக்கிறது.

எனக்கு ஆராய்ச்சி சந்தோஷம் ஒரு பக்கம், சொந்தத் துக்கம் ஒரு பக்கம். அரக்கோணத்துக்குக் கடிதம் எழுத உட்காருவேன், என்ன எழுதுவது என்று கிழித்துப் போடுவேன். ஆடி மாதக் கடைசியில் ஒருநாள் பகலில் சத்திரத்து வாசலில் பூட்ஸ் சத்தம். கார்டு! டியூட்டி உடுப்போடு நேரே வந்து என் மேசை முன் நின்றார். எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டேன். உட்காரவில்லை.

"உங்க பெரிய சார் திரும்பி வரும்போது நம்ம வண்டிலதான் வந்தாரு. ஆர்டர் வரலைன்னு சொன்னாரு" என்றார்.

"ஆமாங்க. எப்ப வரும்னு தெரியலைங்க." எப்படியும் அவர் சொல்லப்போவதை நானே சொல்லிவிடுவது மரியாதை என்று நினைத்து, "நீங்க சித்தூர் வரனையே பாத்துக்குங்க. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லைங்க" என்றேன். வருத்தம் இல்லாதவன் குரலா அது?

அவர் தொப்பியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"இருவது வருசமா வண்டில போய்கினு கீறேன் தம்பி. தப்பு பண்ணாத ஆளை நான் பாத்ததில்ல. சிக்னலைத் தப்பாப் பாத்துடுவான், பாயின்ட்டைத் தப்பாப் போட்டுடுவான். பண்ணிட்டு மூடி வெப்பான். வண்டி போய்க் கவுந்தப்புறம்தான் நமக்குச் சேதி தெரியும். வண்டி கெளம்பறதுக்கு முன்னாடி ஓடியாந்து, இத்தினி ஜனத்துக்கு நடுவுல, பொண்ணு குடுக்கறவன் நின்னு பாத்துகினு கீறான்னு தெரிஞ்சும், நான் தப்பு பண்ணிட்டேன்னு கத்தின ஆளை அன்னிக்குத்தான் பாத்தேன். பெர்மனென்ட் ஆர்டரை வெச்சிகினு நான் இன்னா பண்ணப்போறேன்? ஆவணில முகூர்த்தம் பாக்கச் சொல்லிட்டேன். உங்க வூட்ல கேட்டுச் சொல்லுங்க."

தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார். வண்டிக்கு நேரமாகிவிட்டதாம். நான் சொன்ன பதில் அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, சத்திரத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்திருக்கும்.

வேலை நிரந்தரமாக அப்புறம் ஒன்றரை வருஷம் பிடித்தது. கமலா ஆவணியிலேயே வந்துவிட்டாள்.